அப்பா மெயினை அணைத்த அன்று

உலகத்தில் நீண்ட நாள் உழைக்கும் பொருள், "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று வைத்த பொருள்தான். கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் குழாயில் அப்பா இப்போதைக்குச் சுற்றிய சைக்கிள் டியூப் இன்னும் இருக்கிறது. அப்படி ஒன்றை நானும் சுற்றினேன். கணினிக்குள் சுற்றியதால், ஒழுகும்வரை யாருக்கும் தெரியவில்லை.

அப்போது அம்பத்தூரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், இரும்புத் தகட்டை அழுத்தி உதிரி பாகம் செய்யும் பிரஸ் ஷாப் நடத்தும் ஏகாம்பரம் சாருக்கு ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். அவர் லாரியில் அனுப்பும் உதிரி பாகங்களின் விவரம், வாங்கும் கம்பெனிக்கு எக்ஸ்எம்எல் கோப்பாகப் போக வேண்டும். எக்ஸ்எம்எல் ஒழுக்கமான பிள்ளை. எந்த விவரம் எங்கே வர வேண்டும் என்ற விதிகள் ஸ்கீமா என்ற தனிக் கோப்பில் இருக்கும். அந்த ஸ்கீமா இருக்கும் இடத்தைத் தன் தலையில் ஒரு வரியாகச் சுமந்துகொண்டே எக்ஸ்எம்எல் ஊர் சுற்றும். சரிபார்க்கும் மென்பொருள் அந்த முகவரிக்குப் போய் விதிகளைப் படித்துவிட்டுத்தான் "சரி" சொல்லும்.

நான் எழுதிவைத்த முகவரி, எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டர். (வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது, குழுவில் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்தது. இப்போதைக்குத்தான்.)

சோதனை ஓட்டம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. அது தேறினால் என் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்பதை மேனேஜர் சபரி சார் நாசூக்காகச் சொல்லியிருந்தார். நான் பட்டியல் போடாமல் பல் கூடத் துலக்காதவள். பிரிண்டர் மக்கர் செய்தால், எஸ்டேட்டில் கரண்ட் போனால், ஏகாம்பரம் சார் தப்பான பட்டனை அழுத்தினால், எல்லாவற்றுக்கும் என் பட்டியலில் மாற்று ஏற்பாடு இருந்தது. அப்பா மட்டும் பட்டியலில் இல்லை.

பிரஸ் ஷாப் வாசலில் லாரி நின்றது. ஏகாம்பரம் சார் தானே பட்டனை அழுத்தினார். ஸ்கீமா கிடைக்கவில்லை என்று திரை சொன்னது.

"இன்னாமா, செவப்பா கீது?"

"நெட் பிரச்சனைன்னு நினைக்கிறேன் சார்."

அவர் தன் போனில் வீடியோ ஓடுவதைக் காட்டினார். "நெட்டு ஜோரா கீதே."

அப்போதுதான் அந்தச் சிவப்பு வரியில் இருந்த முகவரியை ஒழுங்காகப் படித்தேன். எங்கள் வீடு. அப்பாவுக்குப் போன் போட்டேன். "ஸ்பீக்கர்ல போடும்மா" என்றார் கூடவே வந்திருந்த சபரி சார். (அவர்மேல் எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை இதுதான்.)

"அப்பா, ஹால் கம்ப்யூட்டர் ஓடுதா?"

"எப்படி ஓடும்? நானும் அம்மாவும் மாங்காடு கோயில்ல இருக்கோம். மெயினை அணைச்சுட்டுத்தானே வீட்டைப் பூட்டினேன்."

அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயிலுக்குக் கிளம்புவதும் அவருக்கு ஷிஃப்ட் முடிவதும் ஒன்றுதான்.

"ஏம்ப்பா அணைச்சீங்க?"

"ஆள் இல்லாத வீட்ல கம்ப்யூட்டர் யாருக்கும்மா ஓடணும்?"

"கரீட்டா சொன்னீங்க சார்" என்று என் போனை நோக்கிக் குனிந்தார் ஏகாம்பரம் சார். "நம்ம ஊட்ல பசங்க ஃபேனைக்கூட அணைக்க மாட்டேங்குதுங்க."

"டியூப்லைட்டு?" என்றார் அப்பா.

"அத்த ஏன் கேக்கறீங்க."

என் வேலை போய்க்கொண்டிருந்தது. அவர்கள் டியூப்லைட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு சாவி எதிர்வீட்டு பத்மா அக்காவிடம் இருந்தது. அடுத்து அவருக்குப் போன் போட்டேன். போனும் கையுமாக அவர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்.

"இன்னாடி, ஒரே இருட்டா கீது."

"மெயினைப் போடுங்கக்கா. அப்புறம் கம்ப்யூட்டர்ல முன்னாடி பெரிய பட்டன் இருக்கும்."

டிவி அலறியது. கூடவே மிக்ஸி.

"எது எதுன்னு தெர்ல. எல்லாத்தையும் போட்டு உட்டேன். மோட்டாரும் ஓடுது."

"பரவால்லக்கா, பட்டன்."

"தொட்டி ரொம்பி ஊத்துதுடி." (கிளம்புமுன் அப்பா தொட்டியையும் நிரப்பியிருந்தார்.)

"ஊத்தட்டும்க்கா, பட்டன்."

"எங்க ஊட்டு வாசல் வரிக்கும் வருது."

சபரி சார் கண்களை மூடிக்கொண்டார். பிரஸ் ஓட்டுபவர்கள் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டுத் திரையைச் சுற்றி நின்றார்கள். ஒருவழியாகக் கம்ப்யூட்டர் உயிர் பெறும் சத்தம் போனில் கேட்டது. ஏகாம்பரம் சார் மறுபடியும் பட்டனை அழுத்தினார். பச்சை. யாரோ விசிலடித்தார்கள். லாரி கிளம்பியது.

லாரி தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, ஏகாம்பரம் சார் அமைதியாகக் கேட்டார்: "அல்லாம் சரிமா. உங்க நைனா ஊருக்குப் போனா என் லாரி இன்னா பண்ணும்?"

அங்கேயே உட்கார்ந்து ஸ்கீமாவை மென்பொருளின் கோப்புகளோடு ஒரே பெட்டிக்குள் வைத்தேன். வீட்டு முகவரி இருந்த வரிகளையெல்லாம் தேடி மாற்றினேன். மடிக்கணினியை நெட்டிலிருந்து துண்டித்து ஓட்டிக் காட்டினேன். பச்சை வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் சபரி சார் டீ குடித்தார். என் வேலை நிரந்தரமானது, கொஞ்சம் தாமதமாக. பத்மா அக்கா என்னிடம் பேசியது அதைவிடத் தாமதமாக.

இன்றும் எங்கள் அலுவலகத்தில் யாராவது ஸ்கீமாவுக்கு வெளி முகவரி எழுதினால், சபரி சார் பக்கத்தில் ஒரு குறிப்புப் போடுவார்: "அப்பா ஊரில் இருக்கிறாரா?" புதிதாகச் சேர்பவர்கள் அதைத் தொழில்நுட்பச் சொல் என்று நினைத்துத் தேடிப் பார்க்கிறார்கள்.

நான் இப்போது பூந்தமல்லியில் இருக்கிறேன். அந்தப் பழைய கம்ப்யூட்டர் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. ஆனாலும் அப்பா வெளியூர் கிளம்பினால், கையில் பூட்டோடு எனக்குப் போன் செய்வார்.

"அம்மாடி, லாரி போயிடுச்சா? மெயினை அணைக்கலாமா?"

பின்னால் அம்மா சிரிப்பது கேட்கும். நான் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் "அணைங்கப்பா" என்பேன்.