பத்தைப் பதின்மூன்றாக்கித் தரும்படி

நெடுந்தீவு
14.07.2024

அன்புள்ள மருமகன் றொமேஷுக்கு,

உமக்கும் என் தங்கை செபஸ்தியம்மாவுக்கும் ஆண்டவர் சுகம் தந்திருப்பார் என்ற நம்பிக்கையோடு மாமா குருசுமுத்து எழுதுவது. நாங்களும் சுகம் என்று எழுத இம்முறை கை வரவில்லை. காரணம் நீர் வேலை செய்யும் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிப் பதிவு அறை.

போன மாதம், வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் மகள் அன்ரனிட்டா அங்கே நான்கு நாள் படுத்திருந்து வந்தபோது கொடுத்த துண்டில் ‘ஓ 10’ என்று இலக்கம் போட்டிருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் அந்த நோய் இலக்கப் புத்தகத்தைக் கைபேசியில் ஆறு நாள் படித்தேன். ஓ 10 என்றால் கர்ப்பத்துக்கு முன்பே இருந்த இரத்த அழுத்தம். ஓ 13 என்றால் கர்ப்பத்தில் வந்தது. முன்னது என் வீட்டுக் குற்றம். பின்னதில் மாப்பிள்ளை வீட்டுக்கும் பங்கு உண்டு.

அவளுக்குப் பத்தொன்பது வயதிலேயே பிறசர் இருந்தது உமக்குத் தெரியும். கலியாணம் பேசும்போது அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு வருடமாகப் பிறசர் குளிசையைச் சத்துக் குளிசை என்று சொல்லித்தான் விழுங்குகிறாள். மாப்பிள்ளையின் தாய், மேரிஜோசப்பின் என்ற சம்பந்தியம்மா, இந்தத் துண்டைக் கண்டால் என்ன நடக்கும்? ஏற்கெனவே அந்த மனுசி லேசுப்பட்டவள் அல்ல. சுற்றிவரக் கடலை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக உப்பில்லாத சொதி வைக்கிறாள். கருவாட்டை மூன்று தண்ணீரில் கழுவுகிறாள். என் பிள்ளைக்கு உப்புக்கும் வழியில்லை என்று பங்குச் சுவாமியிடமே முறையிட்டுவிட்டேன்.

ஆகவே பூச்சியத்தை நானே பேனையால் மூன்றாக்கினேன். மருத்துவமாது அனோஜினி பிடித்துவிட்டாள்.

“என்ன அப்பு, துண்டில கீறியிருக்கிறியள்?”

“அவையள் விட்ட பிழை, பிள்ளை.”

“பிழையில்லை. முதலே பிறசர் இருந்தவ. அதாலதான் சோளகக் காத்து கூடிக் கடல் கொந்தளிக்க முதல் யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொன்னனாங்கள். செவ்வாய்க்கிழமையே போயிருக்க வேணும்.”

“ஊர் என்ன கதைக்கும்?”

“ஊர் வந்து பிள்ளை பெறாது, அப்பு.”

இலக்கம் திருத்தப்படும்வரை என் மகள் வள்ளம் ஏற மாட்டாள் என்று சொல்லிவிட்டேன். சம்பந்தி வீட்டாரிடம், ஆஸ்பத்திரியில் அடுத்த கிழமைதான் வரச்சொன்னார்கள் என்றேன். இப்போது சம்பந்தி வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். அன்ரனிட்டா காலையிலிருந்து தலையிடி என்கிறாள். கண்ணுக்கு முன்னால் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறதாம். வெயிலைப் பார்த்திருப்பாள். நீர் அதை விட்டுவிட்டு இலக்கத்தைக் கவனியும். ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான்.

மாதா உம்மைக் காக்கட்டும். தங்கைக்கு என் அன்பு.

மாமா குருசுமுத்து

பி.கு.: றொமேஷ், இலக்கத்தில் கை வையாதேயும். பின்னேரம் அனோஜினிதான் அன்ரனிட்டாவைத் தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள்; நான் வள்ளத்தை மறித்ததையும் சொல்லிவிட்டாள். பிறசர் நூற்றெழுபத்தெட்டு. இங்குள்ள டொக்டர் துண்டைப் பார்த்து, “பதின்மூன்று எண்டு கிடக்கு. இது கர்ப்பத்திலதான் வந்ததோ?” என்று கேட்டார். சம்பந்தியம்மாதான் சொன்னார்: “இல்லை டொக்டர், பத்தொன்பது வயசில இருந்து. கலியாணத்துக்கு முதலே பிள்ளை எனக்குச் சொன்னவள். அதாலதானே நான் உப்புப் போடாமல் சமைக்கிறனான்.” பிறகு என் பக்கம் திரும்பி, “அண்ணை, வள்ளத்தை ஏன் மறிச்சனீங்கள்?” என்றார்.

கடற்படைப் படகு இறங்குதுறைக்கு வந்துவிட்டது. சம்பந்தியம்மாவும் அவளோடு போகிறார். எனக்கு இடமில்லை. நீர் ஆஸ்பத்திரியில் அவர்களோடு கூடவே நில்லும். யார் கேட்டாலும் பத்து என்று சொல்லும், உரத்துச் சொல்லும். இந்தக் கடிதத்தைச் சம்பந்தியம்மாவின் கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை.