ஒன்மோர் அண்ணாச்சி எடுத்த பிரெஞ்சுப் படம்

பிரெஞ்சு மொழியைப் பேசுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் அதை நடுத்தெருவில் இழுத்துப் போட்டு அடித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் அம்பாசமுத்திரத்தில் வீடியோ கடை வைத்திருந்த ஒன்மோர் அண்ணாச்சி. அந்த அடியில் பாதி என் முதுகில் விழுந்தது. தொண்ணூறுகளில் நடந்த கதை என்றாலும் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பது அவர் தொழில். ஆனால் மனதுக்குள் அவர் சினிமா டைரக்டர். கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில், "மாப்ளே, உம்ம கை பொண்ணு முகத்தை மறைக்குது. ஒன் மோர்!" என்று கத்தியவர் அவர். தாலியை அவிழ்த்து மறுபடி கட்டு என்று சொன்னவனைப் பெண்ணின் தாய்மாமன் சும்மா விடுவாரா? மண்டபத்து வாசல்வரை துரத்தினார். துரத்தியதையும் அண்ணாச்சி பின்பக்கமாக ஓடிக்கொண்டே படம் எடுத்தார். அன்று விழுந்த பெயர் அது.

நான் அப்போது அதே ஊரில் ஒரு டுடோரியலில் கணக்கு வாத்தியார். பிளஸ் டூவில் பிரெஞ்சு படித்தவன். படித்தவன் என்றால், தமிழில் மார்க் வராது என்று அப்பா எடுக்க வைத்தார், நான் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை நெட்டுருப் போட்டு இருநூற்றுக்கு நூற்று எண்பத்தெட்டு வாங்கினேன். பிரெஞ்சுக்காரன் யாராவது எதிரே வந்து பெயர் கேட்டால் ஓடிவிடுவேன். இந்த மார்க் விவரத்தை டீக்கடையில் யாரோ அண்ணாச்சியிடம் உளறிவிட்டார்கள். மறுநாள் காலையில் என் வாசலில் அவர் ஸ்கூட்டர் நிற்கிறது.

"வாத்தியாரே, ஒரு சண்டைப் படம் எடுக்கேன். கொலை, கடத்தல், துரத்தல் எல்லாம் உண்டு. பிரெஞ்சுப் படம். வசனம் நீருதான்."

"பிரெஞ்சு எதுக்கு அண்ணாச்சி?"

"முதப்படம்லா? தமிழ்ல எடுத்தா ஊர்ல எல்லாவனும் குத்தம் சொல்லுவான். இங்கிலீஷ்ல எடுத்தா உம்மள மாதிரி வாத்தியார்மாரு சொல்லுவீய. பிரெஞ்சுல எடுத்தா எவன்வே வாயத் தொறப்பான்?"

எனக்குத் தெரியாது என்று ஆயிரம் தடவை சொன்னேன். "நூத்தி எம்பத்தெட்டு மார்க்கு! என்னா அடக்கம் பாரும்!" என்று என் முதுகில் தட்டினார். தெரியாது என்பதை நம்பாத மனிதரிடம் என்னதான் செய்வது? கடைசியில் பழைய பாடப்புத்தகத்தை எடுத்தேன். அதிலிருந்த வாக்கியங்களை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அர்த்தம் கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதுதான் நான் செய்த பாவம். மற்றதெல்லாம் அவர் செய்தது.

போதாக்குறைக்கு வில்லன் வேஷமும் எனக்கே. "ஒரு ஆளு செலவு மிச்சம்வே" என்றார். கதாநாயகன் அவருடைய மச்சினன். ஊரில் தபால்காரர். காக்கி உடுப்பு சொந்தமாக இருந்ததால் போலீஸ் அதிகாரி ஆகிவிட்டார். அவர் கழுத்தில் துப்பாக்கியை வைத்து நான் உறுமவேண்டும். "உன் ரத்தத்தால் தாமிரபரணியைச் சிவப்பாக்குவேன்" என்பது அண்ணாச்சிக்கு நான் சொல்லியிருந்த அர்த்தம். உண்மையில் நான் உறுமியது, "என் அத்தையின் தோட்டத்தில் இரண்டு ஆப்பிள் மரங்கள் இருக்கின்றன." அதற்குத் தபால்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பதில்: "மன்னிக்கவும் ஐயா, தபால் நிலையம் எங்கே இருக்கிறது?"

கார் துரத்தலுக்குக் காருக்கு எங்கே போவது? கல்யாணக் காரையே பிடித்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் இறங்கிப்போன ஐந்து நிமிஷத்தில், ரோஜா மாலை தொங்க, பின்கண்ணாடியில் மணமக்கள் பெயர் மினுங்க, நான் துப்பாக்கியோடு தப்பி ஓடினேன். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஜன்னல் வழியாக என் கையில் சந்தனம் தடவிவிட்டுப் போனார்.

இதைவிடக் கொடுமை சேரன்மகாதேவி வயல். சித்திரை வெயிலில் கோட்டு மாட்டி என்னை நெல்லுக்குள் ஓடவிட்டார். கதிர் முற்றி நின்ற பயிர். வயல்காரர் அரிவாளோடு வந்துவிட்டார். "எவம்லே அது, என் வயலுக்குள்ள குதிரை மாதிரி ஓடுதான்?" நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட, வரப்பில் நின்ற அண்ணாச்சி, "வாத்தியாரே, பைய ஓடும்! முகத்துல பயம் நல்லா வருது!" என்றார். படத்திலேயே உருப்படியான சண்டைக்காட்சி அதுதான். வயல்காரர் என் பரம்பரையைத் திட்டிய இடத்தில் பின்னால் டப்பிங்கில் நானே அவருக்குக் குரல் கொடுத்தேன்: "பால் கலந்த காப்பி ஒன்று கொடுங்கள்."

படம் முடிந்தது. டீக்கடையில் கேலி ஆரம்பித்தது. "கல்யாணத்துல மாப்பிள்ளை தலைய வெட்டி எடுக்கவன் பிரெஞ்சுப் படம் எடுத்துட்டானாம்" என்றான் ஒருவன். அண்ணாச்சிக்கு மூக்கு சிவந்துவிட்டது. கண்ணாடித் தம்ளரை டொக்கென்று வைத்தார்.

"ஒரு பிரெஞ்சுக்காரன் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லட்டும். அடுத்த மாசமே மெட்ராஸ் போயி டைரக்டர் ஆவுதேன். சொல்லலைன்னா ஆயுசுக்கும் கல்யாண வீடியோதான். சினிமாப் பேச்சே எடுக்கமாட்டேன். இது சத்தியம்!"

எனக்குக் கவலையே இல்லை. அம்பாசமுத்திரத்துக்குப் பிரெஞ்சுக்காரன் எங்கிருந்து வரப்போகிறான்? ஆனால் என் ஜாதகம் அப்படி. இரண்டே மாதத்தில் விக்கிரமசிங்கபுரம் மில்லுக்குப் புது மிஷின் மாட்ட ஒரு பிரெஞ்சு இஞ்சினியர் வந்து இறங்கினார். அண்ணாச்சி மில் அதிகாரி ஒருவரைக் கையில் காலில் விழுந்து சம்மதிக்க வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வெள்ளைக்காரரைக் கடைக்குக் கூட்டிவந்துவிட்டார். வயிற்றுவலி என்று படுத்திருந்த என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

கடையில் கால் வைக்க இடமில்லை. டீக்கடைக் கூட்டம் மொத்தமும் இருந்தது. என் டுடோரியல் பையன்கள் ஏழெட்டுப் பேர் வேறு. டெக்கில் கேசட்டைப் போட்டார். முதல் காட்சியிலேயே நான் அத்தையின் தோட்டத்தைப் பற்றி உறுமினேன். வெள்ளைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தபால்காரர் தபால் நிலையத்துக்கு வழி கேட்டார். வெள்ளைக்காரர் வாயைப் பொத்தினார். வயல்காரர் அரிவாளை ஓங்கிக் காப்பி கேட்டபோது அவர் நாற்காலியிலிருந்து சரிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"கொலை நடக்குது, சிரிக்கானே!" என்றார் அண்ணாச்சி, பொங்கிப்போய்.

படம் முடிந்ததும் வெள்ளைக்காரர் எழுந்து அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதிகாரியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதிகாரி எங்களிடம் சொன்னார்: "ரொம்ப நல்லாருக்காம். இப்படிச் சிரிச்சு வருஷக்கணக்காச்சாம். ஊருக்குக் கொண்டுபோக ஒரு கேசட் வேணுங்காரு. ஒண்ணே ஒண்ணுதான் புரியலையாம். பேசுனது பூராவும் சின்னப்பிள்ளைக பாடப்புத்தகத்துல உள்ள வரி. சண்டைக்கு நடுவுல அதை எதுக்குப் பேசுதாங்கன்னு கேக்காரு."

கடை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. "ஏ வாத்தியாரே, இதான் உம்ம பிரெஞ்சா?" என்று டீக்கடைக்காரன் கேட்டான். பையன்கள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அண்ணாச்சி ஜெயித்துவிட்டார். சத்தியம் பலித்துவிட்டது. "நான் எடுத்ததே சிரிப்புப் படந்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மெட்ராஸுக்கு ரயில் ஏறலாம். அவர் என்னைப் பார்த்தார். பையன்களைப் பார்த்தார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பிக் கத்த ஆரம்பித்தார்.

"எங்க வாத்தியாரு நூத்தி எம்பத்தெட்டு மார்க்கு! இவரு எத்தனைன்னு கேளும்!"

"என்ன அண்ணாச்சி, அவரு அங்கனயே பொறந்து வளந்தவருலா?" என்றார் அதிகாரி.

"பொறந்தா? என் மச்சினன் இங்கனதான் பொறந்தான். தமிழ்ல ரெண்டு தடவை பெயிலு! பொறந்துட்டா பாஷை வந்துருமாவே? வாத்தியாரு எழுதுனது உசந்த பிரெஞ்சு. இவருக்கு அது விளங்கலை. விளங்காதவரு நல்லாருக்குன்னு சொன்னா அது செல்லுமா? செல்லாது. சத்தியத்துல நான் தோத்துட்டேன். எல்லாரும் எந்திரிச்சிப் போங்க!"

கேசட்டை உருவி அலமாரியில் வைத்துப் பூட்டினார். வெள்ளைக்காரர் ஒன்றும் புரியாமல் மறுபடி கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் போனேன். ஒரு கல்யாணத்துக்கு லைட்டுகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அவரு சொன்னது நெசந்தான். எனக்குப் பிரெஞ்சு தெரியாது."

"நேத்தே தெரிஞ்சிட்டுவே." ஒயரைச் சுருட்டுவதை அவர் நிறுத்தவில்லை. "நீரு இன்னைக்கு அந்தப் பயலுவளுக்குப் பாடம் எடுக்கணும்லா? அதுக உம்ம மூஞ்சியப் பாக்கணும்லா? போவும், நேரமாச்சி."

அதன் பிறகு அவர் சினிமாப் பேச்சை எடுக்கவே இல்லை. கல்யாணங்களில் "ஒன் மோர்" என்பதும் நின்றுவிட்டது. எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே கிடையாது. இத்தனை வருஷம் சுமந்த ஆசையை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எனக்காகத் தூக்கிப்போட இவர் யார்? நான் கேட்டேனா? இன்றைக்கு அவர் எதிரே வந்து நின்றால் சண்டைதான் போடுவேன். போட்டுவிட்டு, அவர் எந்தப் பாஷையில் படம் எடுத்தாலும் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவேன்.