நீலப்பூ பதித்த படலம்

“அம்மா, அந்தப் பேப்பர் எல்லாம் என்ன தப்பு பண்ணிச்சு?”

தாயுடன் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்த சிறுமி, தாய் முத்திரை குத்தும் வேகத்தைக் கண்டு இப்படிக் கேட்டாள். வாழ்க அந்தத் தாய்! பத்தொன்பது ஆண்டுகளாகத் தபால் பிரிவில் வீற்றிருந்து, வந்த கடிதம் ஒவ்வொன்றின் நெற்றியிலும் ‘பெறப்பட்டது’ என்று இடியென இறக்கிய எழுத்தர் திலகம் வாழ்க! கடிதத்துக்கு ஒன்று, பதிவேட்டுக்கு ஒன்று என, மேசை நடுங்க, தேநீர் தளும்ப, பக்கத்து இருக்கைக்காரரின் உறக்கம் சிதற, இரட்டை இரட்டையாய் விழும் அவ்வலக்கை வாழ்க!

அத்தகைய வீராங்கனை, ஒரு ஞாயிறு பிற்பகலில், சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, மடித்த வெள்ளை அட்டைகள் நான்கும் நீல மைப்பெட்டியும் கட்டைவிரல் அகலமே உள்ள பூ அச்சும் சூழப் போர்க்கோலம் பூண்டாள். காரணம் சிறிதன்று. கணவர் பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தபோது, மேல்வீட்டுத் தையற்கார அக்கா, யாரும் கேளாமலே சிறுமிக்குத் தலைவாரி, சாப்பாடு கட்டிப் பள்ளிக்கு அனுப்பினாள். நன்றி சொல்ல வாய் திறந்தால், “போம்மா, போய் வேலையைப் பாரு” என்று விரட்டினாள். அந்த அக்கா இன்று வீட்டைக் காலி செய்கிறாள். நான்கு மணிக்கு வண்டி.

அச்சு விற்ற கடைக்காரி ஓதிய போர்விதி எளியது: மையை மெல்ல ஒற்று, நேராக வை, அழுத்து, ஆட்டாமல் எடு.

முதல் அட்டை களம் புகுந்தது. மதங்கொண்ட களிறெனப் பிளிறி எழுந்த வலக்கை, பழகிய பாவத்தால் ‘டொம்’ என்று இறங்க, மை இதழெல்லாம் கரையுடைத்து ஓடியது.

“பூவாம்மா இது? பல்லி மேல பஸ் ஏறின மாதிரி இருக்கு!”

“அடுத்ததுல தேதியும் சேர்த்துக் குத்திடு” என்றார் கணவர்.

“உங்களுக்காகப் பட்ட கடன்தாங்க இது. கொஞ்சம் சும்மா இருங்க!”

இரண்டாம் அட்டையில் மூச்சடக்கி மென்மையாகவே வைத்தாள்; ஆனால் பதிவேட்டைத் தேடிய வலக்கை, யாரையும் கேளாமல் இரண்டாம் அடியையும் இறக்கிவிட்டது. மூன்றாம் அட்டையில் இடக்கையால் வலக்கையின் மணிக்கட்டைப் பற்றி நிறுத்தினாள். உடன்பிறந்த இரு கைகளும் மல்லுக்கு நிற்க, இடையில் வழுக்கிய பூவுக்கு ஒரு சாண் வால் முளைத்தது. மேலே மரச்சாமான்கள் இழுபடும் ஓசை போர்முரசென முழங்கியது. மணி மூன்று ஐம்பது. எஞ்சியது ஓர் அட்டை.

‘கடவுளே, பெரிசா எதுவும் கேக்கல. ஒரு பூ’ என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டவள், அச்சை இடக்கைக்கு மாற்றினாள்.

“இடது கையாலயா?” என்றார் கணவர்.

“இதுவும் கடவுள் குடுத்த கைதானே. இதுக்கு இன்னும் அடிக்கத் தெரியாது.”

ஆகா, முத்திரை என்னும் சொல்லையே அறியாத அந்த இளங்கை, தொட்டிலில் உறங்கும் பிள்ளையை எழுப்பாமல் கடப்பவர்போலப் பையப்பைய வந்து, மையை ஒற்றி, அட்டையின் நடுவே அமர்ந்து, அழுத்தி, வீடே மூச்சுவிட மறந்திருக்க, மெல்ல மெல்ல எழுந்தபோது, ஐந்து இதழும் ஐந்து இதழாகவே பூத்துக் கிடந்தது ஒரு நீலப்பூ! சிறுமி நாற்காலி மேல் ஏறிக் குதித்தாள். இருமிக்கொண்டே கைதட்டினார் கணவர். அவளோ, சிரிப்பும் அழுகையும் ஒன்றாய்ப் பொங்க, உள்ளே ‘பன்னிரண்டு நாளுக்கும்’ என்று மட்டும் எழுதி, மை உலர ஊதிக்கொண்டே படிகளில் பறந்தாள்.

மேலே கதவு திறந்திருந்தது. அக்காவும் கூலியாட்களும் கீழே வண்டியருகே இருந்தார்கள். வெற்று அறையில் தையல் மெஷின் மட்டும் நின்றது. அதன் இழுப்பறையைத் திறந்து, நூற்கண்டுகளுக்கு நடுவே அட்டையை வைத்து, ஓசைப்படாமல் மூடினாள்.

பிறகு வீட்டுக்கு வந்து, செய்தித்தாளைத் தாண்டி மேசையில் தெறித்திருந்த மையைத் துடைத்தாள்.