எக்ஸ்ரே டீச்சரும் விழித்துக்கொண்ட கருந்துளையும்

குற்றாலத்துக்குப் போய்த் தலை நனையாமல் திரும்பிய ஒரே மனிதப் பிறவி எங்கள் எக்ஸ்ரே டீச்சர்தான். ஊரே அருவியில் முண்டியடிக்கும். அவள் மட்டும் செல்போனைப் பாலிதீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி ஓரமாக நிற்பாள். கருந்துளை எப்போது விழித்து, போனில் தகவல் வரும் என்று தெரியாதாம்.

தென்காசியில் ஒரே கல்லூரியில் வேலை. அவள் இயற்பியல், நான் தமிழ். அடுத்தடுத்த வீடு. அவள் ஆராயும் கருந்துளை பல வருஷம் தூங்கும். திடீரென விழித்து, துணை நட்சத்திரத்தின் வாயுவை விழுங்கி எக்ஸ்ரேயாக எரியும். ரேடியோ தொலைநோக்கிக்குத் தெரியும்படி, விழுங்காத மிச்சத்தை ஜெட்டாக வெளியே பீய்ச்சும். சில மாதங்களில் அடங்கிவிடும். எக்ஸ்ரே, ரேடியோ இரண்டையும் ஒரே சமயத்தில் பிடித்தால்தான் ஜெட் பிறக்கும் விதம் புரியும் என்பாள்.

ஊருக்குப் புரிந்தது எக்ஸ்ரே மட்டும்தான். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கும் அண்ணாச்சி ஒருவர் ஃபிலிமோடு வந்துவிட்டார்.

"டீச்சர், முட்டுல என்ன கோளாறுன்னு பாருங்க."

"அண்ணாச்சி, நான் பாக்குத எக்ஸ்ரே வானத்துலேருந்து வருது. உங்க முட்டு இங்கனதான இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போங்க."

போன ஆனியில் அவளே ஒரு ஃபிலிமோடு வந்தாள். நுரையீரலில் கட்டி. "இதுக்கும் நான் ஸ்பெஷலிஸ்ட் இல்லட்டி" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது கீமோவுக்குத் திருநெல்வேலி கிளம்பிய காலையில், கார் வாசலில் நிற்க, போன் அலறியது.

"முழிச்சிட்டுட்டி! செயற்கைக்கோளை இன்னைக்கே அது பக்கம் திருப்பச் சொல்லணும். கீமோவ அடுத்த வாரம் வச்சுக்கிடலாம்."

"உனக்குக் கோட்டியா? கார்ல ஏறு."

"அது அடங்கிட்டுன்னா பொறவு நான் பாக்க முடியாதுட்டி."

"நீ போயிட்டேன்னா?"

கொஞ்சம் யோசித்தாள். "அப்பவும் பாக்க முடியாதுலா."

நான் லேப்டாப்பைத் தூக்கிக் காரில் வைத்தேன். அதன் பின்னாலேயே அவளும் ஏறினாள். வழியெல்லாம் தட்டச்சு. வார்டில் ஒரு கையில் டிரிப், மறு கையில் போன். வாந்திக்கு நடுவே, "ரேடியோக்காரங்க தயாரா?" என்று வெளியூர் நண்பர்களை விரட்டினாள்.

அடுத்த முறை வார்டில் இருந்தபோது, "ஜெட்டு வந்துட்டு!" என்று கத்தினாள். எக்ஸ்ரேயும் ரேடியோவும் சேர்ந்தே கிடைத்துவிட்டன.

பக்கத்துக் கட்டில் கடையநல்லூர் அம்மா கேட்டாள்: "துபாய்லேருந்தாம்மா?"

"இன்னும் கொஞ்சம் தூரத்துலேருந்து" என்றாள் இவள்.

கருந்துளை அடங்கும் முன்பே அவள் போய்விட்டாள். சாரலில் சிதை விறகு பற்ற மறுத்தது.

அவளைக் கிறுக்கி என்று இப்போதும் ஊரில் சொல்கிறார்கள். நானும் சொல்வதுண்டு. சொல்லிவிட்டு, சாரல் விழுந்தால் என் செல்போனையும் பாலிதீன் பையில் சுற்றிக்கொள்கிறேன்.