ஈசான்ய மூலையில் எர்த் குழி

“கரண்டு கம்பியத் தொட ஆம்பளைக இருக்காக, தாயி. நீ பேரை மட்டும் குடுத்தாப் போதும்.”

ராஜபாளையம் காண்ட்ராக்டர் மாடசாமி அண்ணாச்சி என்னிடம் சொன்ன முதல் பேச்சே இதுதான். வயரிங் வேலை எடுக்கும் கம்பெனிக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால், சூப்பர்வைசர் சான்றிதழ் உள்ள ஒருவர் அதில் இருந்தாக வேண்டும். அண்ணாச்சியிடம் ஏணி இருந்தது, ஆள் இருந்தது, மீசை இருந்தது. சான்றிதழ் என்னிடம் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கம்பெனி போர்டில் என் பெயர் வரும் என்றதும் தலையாட்டிவிட்டேன். (எறும்பு அளவு எழுத்து. அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி வேறு.)

அம்மாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. “ஏட்டி, எவனுக்காச்சும் ஷாக் அடிச்சா ஒம் பேரைத்தான தேடுவாக?”

“அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்” என்றேன், பெரிய இவள் மாதிரி.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் புதிதாக ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனி; வயரிங் அண்ணாச்சி எடுத்த வேலை. துணி வெளுக்கும் இடத்தில் தரை எப்போதும் ஈரம்; வேலை பார்க்கும் பெண்கள் வெறுங்காலோடு நிற்பார்கள். அம்மாவும் அப்படி ஒரு கம்பெனியில்தான் நிற்கிறாள். மெஷினில் கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுவது எர்த் கம்பி. அதற்கு ஆழமாகக் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்ட வேண்டும். அதைப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்று திறப்பு விழா அன்று பட்டுச்சேலையில் போய் நின்றேன்.

“அந்தா, ஈசான்ய மூலையில இருக்கு” என்றார் அண்ணாச்சி.

மண்ணுக்குள் போன கம்பியை லேசாக இழுத்தேன். அசைந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். முழங்கை நீளம்தான் புதைத்திருந்தார்கள்; மொத்தமும் கையில் வந்துவிட, நான் பின்னால் இருந்த கேசரித் தாம்பாளத்தில் உட்கார்ந்தேன்.

“நல்லா இருந்ததப் புடுங்கிப் போட்டுட்டாளே!” என்று அண்ணாச்சி அலறினார். எல்லாரும் நம்பினார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தேன். குழாய் வரவில்லை. முதலில் ஒரு மஞ்சள் துணி வந்தது. பிறகு தேங்காய். பிறகு அழுகிய நவதானியம்.

“அடிப்பாவி! பூமி பூஜைக் குழியத் தோண்டிட்டா!” என்று முதலாளியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். ஏற்கெனவே தோண்டிய மண், மெத்தென்று இருந்திருக்கிறது. அண்ணாச்சியின் ஆட்கள் கம்பியை அதில் சொருகி வேலையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

“நல்ல நாளும் அதுவுமா... வெளிய போம்மா” என்றார் முதலாளி.

“போறேன்” என்றேன், இடுப்புக்குக் கீழே கேசரி வழிய. “ஆனா எர்த் இல்லாத மெஷின எம் பேரச் சொல்லி ஓட்டாதிய. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“ஒன்னைய விட்டா சர்டிபிகேட்டுக்கு ஆளா இல்ல?” என்றார் அண்ணாச்சி.

“இருக்காக. அவியளச் செருப்பில்லாம அந்தத் தண்ணியில நிப்பாட்டி, சுவிச்சப் போடுங்க அண்ணாச்சி. பொறவு கையெழுத்து வாங்குங்க.”

சாமி கும்பிட வந்திருந்த வேலைக்காரப் பெண்கள், கழற்றிப் போட்டிருந்த செருப்பை ஒவ்வொருத்தியாக மாட்டத் தொடங்கினார்கள். முதலாளி அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு மெஷின் ஓடவில்லை. பிறகு தெற்குப் பக்கம் ஒழுங்காகக் குழி தோண்டி, மறுபடியும் ஒரு பூஜை போட்டுத்தான் திறந்தார்கள். எனக்கு அழைப்பு இல்லை.

அண்ணாச்சியின் லைசென்ஸிலிருந்து என் பெயரை நானே எழுதிக் கொடுத்து எடுத்துவிட்டேன். வீட்டில் இன்றைக்கும் ஒரு வாழைக்கன்று நட முடியாது. “செத்த பொறுங்க, அடியில சாமி இருக்கான்னு எம் மகட்டக் கேட்டுக்கிடுவோம்” என்பாள் அம்மா.

சிரிக்கட்டும். காண்ட்ராக்டர் லைசென்ஸே இப்போது என் பெயரில் இருக்கிறது. தளவாய்புரத்தில் ஒரு நைட்டி தைக்கும் கம்பெனி முதல் வேலையைக் கொடுத்திருக்கிறது. ஒயர் இன்னும் வாங்கவில்லை. குழி இரண்டும் நேற்றே தோண்டி, குழாய் இறக்கியாயிற்று.