ஆணி அடிக்கக் கூடாத வீடு

அன்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் சம்பந்தியம்மாவும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கும் வந்துவிட்டது, கடைசியில் காரணம் சொல்கிறேன். பேத்தி என்னைப் பார்த்தாலே சிரிக்கிறாள்; தலையெல்லாம் சிமெண்டாக இருப்பதால் இருக்கலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. "பேத்திக்குப் பக்கத்திலேயே வந்துவிட ஆசை, நீங்கள் பழுது பார்த்து வைத்திருக்கும் வீட்டை வெளியாருக்கு விற்பானேன், எங்களுக்கே கொடுத்துவிடுங்களேன்" என்று கேட்டிருந்தீர்கள். முதல் முறையாக நீங்கள் வாய்விட்டுக் கேட்டதை நான் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தப்பாக நினைக்கக் கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், பிறகு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். கல்யாணத்தை உங்கள் தயவில் பண்ணிப் பார்த்துவிட்டேன். வீட்டைக் கட்டிப் பார்க்கத் தெம்பு இல்லாததால், யாரோ கட்டிய பழைய வீட்டை வாங்கிச் சரிசெய்து விற்றுப் பார்க்கலாம் என்று இறங்கினேன். பழமொழி சொன்னவர் இதைச் சேர்க்காமல் விட்டதற்கு அவருக்கு அனுபவம் போதாததுதான் காரணம். ஓய்வுபெற்றுக் கையில் பணம் வந்ததும் சின்னதாக ஒரு வீடு வாங்கிக் குடியேறிவிடலாம் என்றுதான் என் மனைவி சொன்னாள். ஆறு வாடகை வீடுகளில் குடும்பம் நடத்தியவள் அவள். ஆறு வீட்டுக்காரர்களும் சாவியைக் கையில் கொடுக்கும்போதே சொன்னது ஒரே வாக்கியம்தான்: "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க." அதனால் எங்கள் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த சுவர்க் கடிகாரம் முப்பது வருடமாக ஃபிரிட்ஜ் தலைமேல் சாய்ந்து நிற்கிறது. ஃபிரிட்ஜ் உதறும்போதெல்லாம் குப்புற விழும். தூக்கி நிறுத்தித்தான் மணி பார்க்க வேண்டும். "கொஞ்சம் பொறு, முதல்ல ஒண்ணை வாங்கி வித்துடுவோம், அந்த லாபத்துல உனக்கே உனக்குன்னு பெரிய வீடா வாங்கித் தரேன்" என்று வாக்குக் கொடுத்தவன் நான்தான். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

"ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சா போதும் சார்" என்றார் தரகர். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கேயே வந்துவிட்டோம், வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம் என்று. கொத்தனார் வந்தார், விரலை மடக்கிச் சுவரில் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், "சார், இந்தச் சுவர் நல்லா தண்ணி குடிச்சிருக்கு" என்றார். தட்டிய இடத்தில் பூச்சு பெயர்ந்து அவர் காலடியில் விழுந்தது. ஓதம் ஏறிய அந்தச் சுவரைச் சரிசெய்வதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டதால், குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலையை நானே செய்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மனைவிக்குத் தூசி ஆகாது. ஆகையால் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய தரை மேலேயே ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு வந்தேன். கடைசி டைல்ஸைக் கதவோரம் ஒட்டிவிட்டு எழுந்து இழுத்தால் கதவு வரவில்லை. தரை உயர்ந்துவிட்டது சம்பந்தி! உள்பக்கம் திறக்கும் கதவு, டைல்ஸில் முட்டிக்கொண்டு நிற்கிறது. தச்சர் வந்து வென்டிலேட்டர் வழியாக ஸ்க்ரூ டிரைவரை நீட்டி, "கதவுக் கீலை நீங்களே கழட்டுங்க சார், நான் வெளிய இருந்து தாங்கிப் பிடிக்கிறேன்" என்றார். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தேன். அவர் கதவின் அடியை அளவாக அறுத்துக் கொடுத்தார். மறுநாள் மனைவி குளிக்கப் போனாள், உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்: "என்னங்க, தண்ணி உங்களப் பாக்க வருது!" தரையின் வாட்டத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறேன். தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் நேராகப் படுக்கையறைக்கு வந்து கட்டிலுக்கடியில் நின்றது. கொத்தனார் டைல்ஸைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எல்லாவற்றையும் உடைத்து, பழைய தரையையும் கொத்தி எடுத்து, புதிதாகப் போட்டார். தரை பழையபடி இறங்கியது. அறுத்த கதவு இறங்குமா? இப்போது கதவுக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி. பக்கத்து வீட்டுப் பூனை அந்த வழியாகத்தான் வந்து போகிறது.

ஒருவழியாக வர்ணம் அடித்து முடித்தோம். வாசலில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை மாட்டினோம். அப்போதுதான் உண்மையான இடைஞ்சல் தெரிந்தது, அது நான். முப்பத்திரண்டு வருடம் லிப்ட் பரிசோதகன். குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவன். முதலில் வந்த தம்பதி, "வீடு பளிச்சுன்னு இருக்கே" என்று ஆரம்பித்தார்கள். என் வாய் சும்மா இருந்ததா? "பளிச்சுன்னுதான் இருக்கும், பின்னாடி பூரா ஓதம். மழை வந்தா மறுபடி வருமான்னு இன்னும் ஒரு வருஷம் பாத்தாதான் தெரியும்" என்று சொல்லி, குனிந்து கதவு இடைவெளியையும் நான்கு விரல் வைத்துக் காட்டினேன். காபி பாதியில் நிற்க எழுந்து போனார்கள். இப்படியே ஐந்து பேர். நுணலும் தன் வாயால் கெடும் என்பதைத் தினமும் நடத்திக் காட்டினேன். "இனிமே ஆளு வந்தா நீங்க மொட்டை மாடிக்குப் போயிடுங்க" என்று மனைவி உத்தரவு போட்டாள். பதிலுக்கு நானும் ஒன்று போட்டேன். புதுசாக அடித்த வர்ணம், வாங்க வருகிறவர்கள் பார்ப்பார்கள், எனவே யாரும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சொன்னபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், கடிகாரத்தைத் துடைத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

போன வாரம் ஒரு பல் டாக்டர் வந்தார். நான் தண்ணீர்த் தொட்டி நிழலில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு வீடு பிடித்துவிட்டதாம். அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கைவிட்டவர் சமையலறைச் சுவரைத் தடவிப் பார்த்து, "நாங்க வர்ற வரைக்கும் இதுல எதையும் மாட்டிடாதீங்கம்மா, எனக்கு இப்படியே வேணும்" என்றாராம். அடுத்து எனக்குக் கேட்டது டக் டக் என்ற சத்தம். விழுந்தடித்து இறங்கி வந்தால், டாக்டர் கையில் பணத்தோடு நிற்கிறார், என் மனைவி ஸ்டூல் மேல் ஏறி, புது வர்ணத்தின் நடுவில் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறாள். "என்னம்மா பண்றீங்க?" என்றார். "கடிகாரம் மாட்டறேன்" என்றாள். மாட்டினாள். டாக்டர் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை சம்பந்தி, வெட்கமாக இருந்தது. ஏழாவது வீட்டுக்காரன் நான்தானே. ஸ்டூலிலிருந்து இறங்கியவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுல மணி நல்லாத் தெரியுதுங்க" என்றாள். கடிகாரம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு குறையைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தேன். அன்றைக்கே வாசல் பலகையைக் கழற்றினேன். கழற்றும்போது ஏணியிலிருந்து சறுக்கியதில் வந்ததுதான் முழங்கால் வலி.

ஆகவே இந்த வீடு இனி விற்பனைக்கு இல்லை. எவ்வளவு கொடுத்தாலும் இல்லை. வீடு வாங்கி விற்கும் தொழிலுக்கும் எனக்கும் இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை. உங்கள் மனம் நோகாமல் ஏற்றுக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். உங்கள் ஆசி குழந்தைகளுக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை எடுக்கப் போன நேரத்தில் மனைவி இதைப் படித்துவிட்டாள். "சம்பந்தி கேட்டிருக்காருன்னு எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்று பிடித்துக்கொண்டாள். "நீதானே ஆணி அடிச்சே?" என்றேன். "ஆணி அடிக்கணும்னுதாங்க ஆசைப்பட்டேன், அடிச்சாச்சு. இனிமே எங்க வேணா அடிப்பேன்" என்றாள். மேலும், தெருக்கோடியில் ஒரு பழைய வீடு இருக்கிறதாம், நேற்றே போய் விரலை மடக்கிச் சுவரெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டாளாம், அது தண்ணி குடிக்கவில்லையாம். கொத்தனாரிடமும் பேசியாகிவிட்டது. அங்கே குளியலறைப் பக்கம் நான் போகக் கூடாது என்பது நிபந்தனை. எனவே இந்த வீட்டை நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். உறவுக்காக விலையைக் குறைக்கக் கூடாது என்று பக்கத்தில் நின்று சொல்கிறாள். மேலே நான் எழுதிய ஓதம், கதவு, பூனை ஆகியவற்றைத் தயவுசெய்து படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். ஆணியை அவள் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அந்த ஓட்டையை நானே பூசி வர்ணம் தீட்டிவிட்டேன். சமையலறையில் நுழைந்ததும் வலது கைப்பக்கம், ஆளுயரத்துக்கு ஒரு சாண் மேலே. உற்றுப் பார்த்தால் தெரியும்.