உறை வாசலில், ரிவால்வர் உள்ளே

துப்பாக்கி சுடுவது சுலபம். அதை உடம்பில் வைத்துக்கொள்ள இடம் தேடுவதுதான் கஷ்டம். பட்டாளத்தில் இருந்த எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. அதிகம் பேசுகிறவனும் இல்லை. (வீட்டில் கேட்டால், பேசவே மாட்டார் என்பார்கள்.) இதை மட்டும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் என் பெண் தன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டே போகிறாள். போன தடவை சொன்னபோது அதில் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. ஜீப் எல்லாம் வரவில்லை.

மலை மேல் ஒரு போஸ்டில் இருந்தபோது எங்களுக்குக் கைத்துப்பாக்கி வந்தது, உறை வரவில்லை. உறை ஏற்றிய லாரி பனியில் எங்கோ நின்றுவிட்டது. ஆளாளுக்கு ஒன்று செய்தோம். ஒருவன் பழைய பேண்ட்டின் காலை வெட்டிப் பை தைத்தான். ஒருவன் தண்ணீர் பாட்டில் உறையில் துப்பாக்கியைச் சொருகிவிட்டு, பாட்டிலைக் கழுத்தில் கட்டிக்கொண்டான். நான் கம்பளி சாக்ஸுக்குள் போட்டு, பூட்ஸ் கயிற்றால் தோளில் மாட்டிக்கொண்டேன். சுபேதார் என்னை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"எதிரி வந்தா, சாக்ஸைக் கழட்டுற வரைக்கும் நிக்கச் சொல்லு" என்றார்.

எதிரி வரவில்லை. லாரி வந்தது. இந்தத் தொல்லை அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஓய்வு பெற்றபின் திருச்சி தென்னூரில் ஒரு நகைக்கடையில் காவலுக்குச் சேர்ந்தேன். என் லைசென்ஸில் வாங்கிய ரிவால்வர். முதலாளி தோல் உறையும் தோல் பெல்ட்டும் வாங்கிக் கொடுத்தார். நடந்தால் கிறுக் கிறுக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே கடைக்குள் தேவையில்லாமல் நடப்பேன்.

சேர்ந்த புதிதில் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு நகை கொண்டுபோனோம். கடை மேனேஜர், டிரைவர் பிச்சைமுத்து, நான். பிச்சைமுத்துவும் பட்டாளத்து ஆள்தான். தொட்டியத்துக்காரன், என்னைவிடச் சின்னவன். நகையைப் பூஜை அறையில் பெருமாள் முன்னால் வைத்துவிட்டுப் பெண்ணுக்குப் போடுவார்கள். அவள் கழுத்தில் ஏறும்வரை நகை எங்கள் பொறுப்பு.

வாசலில் பெண்ணின் அம்மா நின்றார். பார்வை நேராக என் இடுப்புக்கு வந்தது.

"தோலா அது?"

"ஆமாங்கம்மா."

"தோல் சாமான் உள்ளே வரப்படாது. பூஜை ரூம்ல பெருமாள் ஏளியிருக்கார். பெல்ட்டையும் கழட்டிடுங்கோ."

மேனேஜர் தயங்கினார். "மாமி, அதுல துப்பாக்கி இருக்குங்க."

"இருந்துட்டுப் போகட்டும். அது இரும்புதானே."

மேனேஜர் என்னை ஓரமாக இழுத்தார். "துப்பாக்கி இல்லாம நகை பக்கத்துல நிக்கக் கூடாது, முதலாளி உத்தரவு. அதுக்காகக் கையில தூக்கிட்டு வந்துடாதீங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க பயந்துடுவாங்க. சீக்கிரம் ஏதாவது பண்ணிட்டு வாங்க."

வேனுக்குப் பின்னால் போனோம். உறையையும் பெல்ட்டையும் கழற்றி சீட்டில் வைத்தேன். ரிவால்வரை இடுப்பில் சொருகிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தேன். பேண்ட்டைப் பிடித்து நிறுத்தியிருந்தது அந்த பெல்ட்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணே, ரெண்டுல ஒண்ணத்தான் காப்பாத்த முடியும்" என்றான் பிச்சைமுத்து.

வேனில் கிடந்த நைலான் கயிற்றால் பேண்ட்டைக் கட்டினோம். பேண்ட் தப்பித்தது. அடுத்து சாக்ஸ். மலையில் பார்த்த வித்தைதான். ஆனால் அது கம்பளி, இது திருச்சி வெயிலுக்கு வாங்கிய மெல்லிய சாக்ஸ். பெருவிரல் ஓட்டை வழியாகக் குழல் வெளியே எட்டிப் பார்த்தது.

பிச்சைமுத்து வாழைத் தோட்டத்தில் வளர்ந்தவன். வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தில் யாரும் பார்க்காதபோது ஒரு மட்டையை உரித்துக்கொண்டு வந்தான். அளவெடுத்த மாதிரி பொருந்தியது. பட்டாளத்துக்கே எழுதிப் போடலாம் என்று பேசிக்கொண்டோம். பேசி முடிப்பதற்குள் ரிவால்வர் வழுக்கிக்கொண்டு என் கால்மேல் விழுந்தது. வெள்ளை யூனிபாரத்தில் வாழைக்கறை. இன்றுவரை போகவில்லை.

"வரீங்களா, இல்லையா?" என்று மேனேஜர் வாசலிலிருந்து கேட்டார்.

அப்போதுதான் பிச்சைமுத்துவின் கண்ணில் தாம்பூலப் பைகள் பட்டன. வாசல் பெஞ்சில் வரிசையாக மஞ்சள் பைகள். ஒன்றை எடுத்து வந்தான். தேங்காயை வெளியே எடுத்தோம். ரிவால்வரில் இருந்த தோட்டாக்களைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். ரிவால்வரைப் பையின் அடியில் வைத்து, மேலே வெற்றிலையைப் பரப்பினோம். (தேங்காயை அவன் திருப்பிக் கொடுத்தானா என்று நான் கேட்கவில்லை.)

உள்ளே போய்ப் பூஜை அறை வாசலில் நின்றேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. துப்பாக்கி வெற்றிலைக்கு அடியில், தோட்டா சட்டைப் பையில். கொள்ளைக்காரன் வந்தால், வெற்றிலை கொடுத்து உட்கார வைத்துவிட்டுத்தான் நான் சண்டைக்கு ஆயத்தமாக முடியும். ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது. பட்டாளத்தில் எனக்கு மெடல் எதுவும் தரவில்லை. அன்று யாராவது கொடுத்திருந்தால் வாங்கியிருப்பேன்.

நிச்சயதார்த்தச் சடங்கெல்லாம் முடிந்து, கடைசியாக நகையைப் பெருமாள் முன்னால் வைத்தார்கள். பூஜை முடிந்தது. பட்டர் தீர்த்தம் கொடுத்துக்கொண்டே என்னிடம் வந்தார். தீர்த்தத்தை ஒரு கையால் வாங்கக் கூடாது. பையைச் சுவரோரம் வைத்தேன். தீர்த்தம் வாங்கினேன். குடித்துவிட்டுக் கையைத் தலையில் தடவிக்கொண்டேன். அவர் சடாரியைத் தலையில் வைக்கக் குனிந்தேன்.

நிமிர்ந்தேன். பை இல்லை.

பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் கை நிறைய மஞ்சள் பைகளோடு போய்க்கொண்டிருந்தாள். கிளம்புகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். நான் அவளை எட்டிப் பிடித்தபோது அவள் கை காலி.

"இங்க இருந்த பை எங்கம்மா?"

"எல்லாம் குடுத்தாச்சு அங்கிள். உங்களுக்கு வேணுமா?"

பட்டாளத்தில் ஆயுதத்தைத் தொலைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வெளியே என்ன ஆகும் என்றும் தெரியும். லைசென்ஸ் போகும். வேலை போகும். ஸ்டேஷனில் உட்கார வைத்து, எப்படித் தொலைந்தது என்று கேட்பார்கள். தீர்த்தம் வாங்கும்போது என்று சொல்ல வேண்டும்.

இதற்குள் நகை பெண்ணின் கழுத்துக்குப் போய்விட்டது. நகைக்கு ஒன்றும் ஆகவில்லை. காவலுக்குத்தான் ஆகிவிட்டது.

வாசலுக்கு ஓடினேன். பிச்சைமுத்துவிடம் சொன்னேன். அவன் ஒரு நொடி யோசித்தான். பிறகு படியில் குறுக்கே நின்றுகொண்டு, "தேங்காயில அழுகல் கலந்துடுச்சுங்க, ஆட்டிப் பாத்துத் தரோம்" என்றான். பட்டாளத்துக் குரல். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

ஜனம் வரிசையில் நின்றது. ஒவ்வொரு பையாக வாங்கி, காதருகே வைத்து ஆட்டினோம். எல்லாவற்றிலும் தண்ணீர்ச் சத்தம்தான் வந்தது.

உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா வந்தார். முகம் சிவந்திருந்தது. "யாராத்துத் தேங்காய் அழுகல்? நல்ல காரியம் நடக்கற ஆத்து வாசல்ல நின்னுண்டு என்ன பேச்சு இது?"

மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அழுகலா, சகுனம் சரியில்லையே" என்று யாரோ முணுமுணுத்தார்கள். தொலைந்தது துப்பாக்கி மட்டும் என்று நினைத்தேன். இப்போது கல்யாணமும் போகும் போலிருந்தது.

பெண்ணுக்கு நகை போட்டுப் பார்த்துவிட்டு, வரிசையில் சேராமல் ஒருவர் மட்டும் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா. மடியில் மஞ்சள் பை. பை சற்று அதிகமாகவே தொங்கியது.

"அம்மா, அந்தப் பையைக் குடுங்க. வேற காய் மாத்தித் தரேன்."

"வேண்டாம். இதுதான் நல்ல கனமா இருக்கு. எங்களுக்குன்னு பெரிய காயாப் பாத்துப் போட்டிருக்கா."

"அழுகலா இருக்கப் போகுதுங்க."

"அழுகலா இருந்தா இவ்வளவு கனம் கனக்குமா?"

பிச்சைமுத்து உதவிக்கு வந்தான். "அதுக்குப் பதிலா ரெண்டு காய் தரோங்க."

அதுதான் தப்பாகப் போயிற்று. ஒன்றுக்கு இரண்டு தருகிறார்கள் என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். அந்தம்மா என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். வெற்றிலையை விலக்கிப் பைக்குள் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சம்பந்தி மாமி, சித்த இங்க வாங்கோ."

பெண்ணின் அம்மா வந்தார். மாப்பிள்ளையின் அம்மா பையை விரித்துக் காட்டினார்.

"வரதட்சணை வேண்டாம்னு நாங்க அன்னிக்கே வாயால சொல்லிட்டோமே. நம்பிக்கை இல்லையா?"

பெண்ணின் அம்மா எட்டிப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "அதுல குண்டு இல்லீங்க" என்றேன்.

"குண்டு இல்லையா? பின்னே எதுக்கு வெச்சிண்டிருக்கேள்?"

"நகைக்குக் காவலுங்க."

அந்தம்மாதான் முதலில் சிரித்தார். கார் குலுங்கியது. அதைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள், காரணம் தெரியாமலே சிரித்தார்கள். பெண்ணின் அம்மா கடைசியாகச் சிரித்தார். "தோலைக் கழட்டச் சொன்னது நான்தான். அவரை ஒண்ணும் சொல்லாதேங்கோ" என்றார். நான் பையை வாங்கிக்கொண்டேன். இனி பட்டரே வந்தாலும் அதைக் கீழே வைப்பதாக இல்லை.

மேனேஜர் வழியெல்லாம், முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டுக்கொண்டே வந்தார். மறுநாள், இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்து, திருப்பிக் கொடுப்பதற்காக யூனிபாரத்தைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு போனேன். கடையில் முதலாளி போன் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் மாப்பிள்ளையின் அம்மா. கல்யாணத்துக்கு அவர்கள் பக்கத்து நகையும் எங்கள் கடையில்தானாம். ஒரே நிபந்தனை, அந்த செக்யூரிட்டிதான் கொண்டுவர வேண்டும். முதலாளி அன்றே கித்தானில் உறை தைக்கச் சொன்னார். அது சத்தம் போடாது.

கல்யாணம் முடிந்து கிளம்பும்போது இரண்டு சம்பந்திகளும் வாசலில் நின்று தாம்பூலம் கொடுத்தார்கள். எல்லோருக்கும் பை. எனக்கு மட்டும் வெறும் தேங்காய்.

"உங்களுக்குப் பை கிடையாது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

இது எப்படியோ என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. (பிச்சைமுத்துதான், வேறு யார்.) இப்போது எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் எனக்குத் தேங்காயைக் கையில்தான் கொடுக்கிறார்கள். தூரத்து உறவில் சின்னப் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. ஏதோ சாமிக்கு வேண்டிக்கொண்டு நான் தாம்பூலப் பையைத் தொடுவதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன கல்யாணத்தில் ஒரு பையன், வேண்டுதல் பலித்ததா என்று மரியாதையாக விசாரித்தான்.

பலித்தது என்று சொன்னேன்.